இரண்டு கையெழுத்துகளுக்கு நடுவே

“மிரட்டிக் கையெழுத்து வாங்கிட்டாங்க” என்று சொல்லும் பெண்ணைக் குடும்பநல நீதிமன்ற வராந்தாவில் நான் அரிதாகவே பார்க்கிறேன். “எல்லாரும் சொன்னாங்க, சரின்னுட்டேன்” என்பவர்கள்தான் அதிகம். சட்ட உதவி மையத்தின் தன்னார்வலராக அங்கே உட்கார்ந்திருப்பது என் வேலை. மனு எழுதுவதற்கு உதவுவேன். எந்த ஹாலில் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காட்டுவேன். மற்ற நேரமெல்லாம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்படி உட்கார்ந்திருந்தபோது மனதில் தங்கியவற்றை அவ்வப்போது எழுதி வைத்தேன்.

வயதும் படிப்பும் சாதியும் மாறுகின்றன. அந்தச் ‘சரி’ மட்டும் எல்லாரிடமும் ஒரே மாதிரி வருகிறது. களைத்துப்போய், தரையைப் பார்த்தபடி.

*

சமரசப் பேச்சில் காலையில் அவள் கேட்பது ஒரு தொகை. சாயங்காலம் ஒப்புக்கொள்வது வேறொரு தொகை. இடையில் புதிதாக எந்த உண்மையும் தெரியவந்திருக்காது. அவனுடைய சம்பளம் குறைந்திருக்காது, அவளுடைய வாடகையும் குறைந்திருக்காது. அவளுக்குப் பசித்திருக்கும். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்து வீட்டில் இருக்கும். லீவு போட்டுவிட்டு வந்த அண்ணன் மூன்றாவது முறையாக போனைப் பார்த்திருப்பார்.

“இதுக்கு மேல வராதும்மா. இன்னைக்கு விட்டா அவங்க மனசு மாறிடும்.” இதைச் சொல்வது எதிர்த்தரப்பு அல்ல, அவளுடைய வக்கீல்.

கவனித்துப் பார்த்தால், எதிரே இருப்பவர்கள் அவளிடம் நேராகப் பேசுவதே இல்லை. அவளைத் தள்ளுகிறவர்கள் எல்லாரும் அவள் பக்கத்து நாற்காலிகளில்தான் இருக்கிறார்கள். “நான் இருக்கும்போதே முடிச்சுக்கம்மா. எனக்கப்புறம் உனக்காக யாரு கோர்ட்டுக்கு அலைவா?” என்கிறார் அப்பா. அதில் பாசத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. அதனாலேயே அவளால் அதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. கெட்டவன் மிரட்டினால் எதிர்த்து நிற்கலாம். சர்க்கரை வியாதியோடு மூன்று பஸ் மாறி வந்து நிற்கும் அப்பாவை என்ன சொல்லி எதிர்ப்பது? தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். ‘பெரியவ கேஸ் இன்னும் நடக்குதாமே’ என்று தரகர் காதில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததும் சேர்ந்து அழுத்துகிறது.

*

காத்திருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. இரண்டு பேருக்கும் அது ஒரே விலை இல்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கப் போகிறவளுக்கு ஒரு வாய்தா என்றால் ஒரு நாள் கூலி, பஸ் காசு, மேஸ்திரியின் முறைப்பு. மாதச் சம்பளக்காரரான கணவருக்கு அது வக்கீலின் டைரியில் எழுதப்படும் இன்னொரு தேதி.

வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். நோட்டீஸ் எதிர்த்தரப்பிடம் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளுக்குள் அந்த மனுவை முடிக்க வேண்டும் என்று இந்துத் திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவே சொல்கிறது. ‘கூடியவரை’ என்ற இடத்தில் மாதங்கள் கரைகின்றன. விலாசம் தவறு, ஆள் இல்லை, பதிலுரைக்கு அவகாசம், வக்கீல்கள் புறக்கணிப்பு, நீதிபதி மாற்றல். வாடகை பாக்கி ஏற ஏற, இன்றைக்கு டி.டி.யாகக் கைக்கு வரும் எட்டு லட்சம், மூன்று வருடம் கழித்து ஒருவேளை வரக்கூடிய பதினைந்து லட்சத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அப்படித் தெரிவதில் அவளுடைய பிழை ஏதுமில்லை. அவள் நிலைமையில் அது சரியான கணக்கும்கூட. அந்த நிலைமையைத்தான் யாரும் கேள்வி கேட்பதில்லை.

*

‘பத்து லட்சம்’ என்று அறையில் ஒருவர் சொன்னதும் எல்லாரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். நான் ஒரு தாளின் பின்பக்கத்தில் அதை மாதக் கணக்காக மாற்றி எழுதிக் காட்டுவேன். எட்டாம் வகுப்புக் கணக்குதான். பத்து லட்சத்தை வங்கியில் போட்டு வருடத்துக்கு 7 சதவீதம் வட்டி வந்தால் 70,000 ரூபாய். மாதத்துக்கு 5,833. பல ஊர்களில் இரண்டு அறை வீட்டு வாடகைக்கே அது பத்தாது. முதலை எடுத்துச் செலவழித்தால்? மாதம் 20,000 என்று வைத்தால் ஐம்பது மாதத்தில் தீர்ந்துவிடும். வட்டியைச் சேர்த்தாலும் ஐந்து வருடத்தைத் தொடாது. அவளுக்கு முப்பத்திரண்டு வயது, மகளுக்கு ஆறு. மகள் ஆறாம் வகுப்பு முடிப்பதற்குள் பணம் முடிந்துவிடும்.

அந்தத் தாளைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. “இதை ஏன் இப்ப சொல்றீங்க?” என்று என்னிடம் கோபப்பட்ட அண்ணன்மார்களும் உண்டு. கோபம் வரட்டும். கையெழுத்துப் போடும் முன் அவள் அந்த எண்ணைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது நகை. ஒப்பந்தங்களில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். “நகை, சீர் சாமான், ஜீவனாம்சம் எல்லாம் உட்பட மொத்தமாகப் பத்து லட்சம்” என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அவள் அப்பா போட்டது 20 பவுன். பவுனை 50,000 ரூபாய் என்று இன்றைய விலைக்குக் கீழேயே வைத்தாலும் அதுவே பத்து லட்சம். ஆக, அவளுடைய நகைக்கான காசை அவளிடமே குறைத்துக் கொடுத்துவிட்டு, அதற்கு ஜீவனாம்சம் என்று பெயர் வைத்தாகிவிட்டது.

சீதனம் மனைவிக்கு மட்டுமே உரிய சொத்து, கணவனும் அவன் வீட்டாரும் அதற்கு வெறும் காவல்காரர்கள் என்று உச்ச நீதிமன்றம் 1985-இலேயே சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில் கேரளத்து வழக்கு ஒன்றில், பாதுகாப்பாக வைப்பதாக வாங்கிக்கொண்டு திருப்பித் தராத 89 பவுனுக்காகக் கணவர் 25 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நகை என்பது ஒரு கணக்கு, ஜீவனாம்சம் வேறொரு கணக்கு. இரண்டையும் ஒரே வரியில் பார்த்தால் நான் பென்சிலால் அடிக்கோடு போட்டுவிட்டு அவள் வக்கீலைப் பார்ப்பேன். சிலர் புரிந்துகொண்டு பிரித்து எழுதுவார்கள். சிலர் “நீங்க உங்க வேலையைப் பாருங்கம்மா” என்பார்கள்.

வீடு அதைவிட மோசம். திருமணத்துக்குப் பிறகு சேர்ந்த சொத்தைப் பாதிப் பாதியாகப் பிரிக்க இந்துத் திருமணச் சட்டத்தில் வழி கிடையாது. பத்திரம் யார் பெயரிலோ வீடு அவருக்கு. அவள் சம்பளத்தில் ஆறு வருடம் தவணை கட்டியிருப்பாள், பத்திரம் கணவர் பெயரில் இருக்கும். அந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு தொடுவது திருமணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாகக் கிடைத்த பொருட்களை மட்டுமே. அவள் கட்டிய தவணை, விட்ட வேலை, வளர்த்த பிள்ளை, பார்த்த மாமியார் எல்லாவற்றுக்கும் விலை வைக்கும் ஒரே இடம் அந்த அறையின் பேரம்தான். அந்த இடத்தில் போய் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்றால் எப்படி?

*

இருவரும் சம்மதித்துப் பிரியலாம் என்பது இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-இல்தான் வந்தது, 13-பி என்று. அதைச் சேர்த்தவர்கள் அதே திருத்தத்தில் 23-ஆவது பிரிவிலும் ஓர் உட்பிரிவைச் சேர்த்தார்கள். அந்தச் சம்மதம் வற்புறுத்தியோ, ஏமாற்றியோ, முறையற்ற செல்வாக்கைப் பயன்படுத்தியோ பெறப்பட்டதல்ல என்று நீதிமன்றத்துக்கே திருப்தி ஏற்பட வேண்டும் என்பது அதன் சாரம். கதவைத் திறக்கும்போதே, அந்த வழியாக ஒருவர் தள்ளப்படவும் கூடும் என்று யோசித்திருக்கிறார்கள். எனக்கு அந்த உட்பிரிவின் மேல் பெரிய மரியாதை.

நடைமுறையில் அது இப்படி இருக்கிறது:

“சுயமா சம்மதிச்சுதான் கையெழுத்துப் போட்டீங்களாம்மா?”

“ஆமாங்கய்யா.”

“தொகை வாங்கிட்டீங்களா?”

“ஆமாங்கய்யா.”

அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார் டவாலி. நீதிபதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைய பட்டியலின் நீளம் எனக்குத் தெரியும். ஆனால் ‘எது கேட்டாலும் ஆமாம்னு சொல்லு’ என்று வாசலில் சொல்லிக்கொடுத்து அனுப்பியதும் தெரியும். அவள் ‘ஆமாம்’ சொல்லும்போது பின்னால் அப்பா நிற்கிறார்.

சம்மதமா என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. வாடகை எவ்வளவு, நகை யாரிடம் இருக்கிறது, அவர் சம்பளம் உனக்குத் தெரியுமா, இந்தத் தொகையை யார் எப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் விஷயம் வெளியே வந்துவிடும். அப்படிக் கேட்கிற நீதிபதி ஒருவரைப் பார்த்திருக்கிறேன். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார். குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, இருவரில் ஒருவர் விரும்பினாலே விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும் என்கிறது. இது தெரிந்து கேட்ட பெண்ணை நான் இதுவரை பார்க்கவில்லை. நாங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஜீவனாம்சம் கேட்டு வழக்கு நடந்தால் இரண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குடும்பத்துக்காகவும் பிள்ளைகளுக்காகவும் மனைவி வேலையை விட்டிருந்தால் அதையும் கணக்கில் எடுக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் பேச்சில் முடியும் வழக்குகளில், நான் பார்த்தவரை, அந்தப் பத்திரத்தை யாரும் கேட்பதில்லை. அவருடைய சம்பளம் எவ்வளவு என்று தெரியாமலேயே, அதில் தன் பங்கு இவ்வளவு போதும் என்று அவள் எழுதிக்கொடுக்கிறாள்.

*

13-பி-யில் இரண்டு கையெழுத்து. முதல் மனுவுக்கு ஒன்று. ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இரண்டாவது. அந்த ஆறு மாதம் மனம் மாறிச் சேர்ந்துவிட மாட்டார்களா என்ற நம்பிக்கையில் வைக்கப்பட்டது. சேர்ந்தவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. வேறொன்று நடப்பதைப் பார்த்திருக்கிறேன். முதல் வாரம் அவள் தூங்குகிறாள். பிறகு எழுந்து, ஒப்பந்தத்தின் நகலை எடுத்து முழுதாகப் படிக்கிறாள். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் சித்தப்பாவிடம் கேட்கிறாள். பள்ளியில் அடுத்த வருடக் கட்டணம் என்ன என்று விசாரிக்கிறாள். தான் எதற்கு ஒத்துக்கொண்டோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது.

தீர்ப்பு வரும்வரை அவள் விலகிக்கொள்ளலாம். இதை நிலைநாட்டியது இமாசலப் பிரதேசத்து வழக்கு ஒன்று. மனு போட்ட சில நாட்களிலேயே அந்த மனைவி நீதிமன்றத்துக்கு எழுதினார். அழுத்தத்திலும் மிரட்டலிலும் தன் வாக்குமூலம் வாங்கப்பட்டது, மனு போடும் முன் உறவினர்களைப் பார்த்து ஆலோசிக்கக்கூட விடவில்லை என்று. மாவட்ட நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. உயர் நீதிமன்றம் அதை மாற்றி விவாகரத்து கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 1991 பிப்ரவரியில் அவர் பக்கம் நின்றது. சம்மதம் தீர்ப்பு வரும் நாள்வரை நீடிக்க வேண்டும், அதற்கு முன் ஒருவர் தனியாகவே விலகலாம் என்றது. அவருடைய அந்தக் கடிதத்தை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. மொத்த வீடும் ‘முடிந்தது’ என்று மூச்சு விட்டிருக்கும் நேரத்தில், ‘முடியவில்லை’ என்று எழுத எத்தனை துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்!

விலகினால் வாங்கிய முன்பணத்தைத் திருப்ப வேண்டிவரும். நீதிமன்றத்துக்கு உறுதிமொழி எழுதிக்கொடுத்திருந்தால் அவமதிப்புப் பேச்சும் எழலாம். ஆகவே வக்கீலைக் கேட்காமல் செய்யும் காரியமல்ல இது. ஆனாலும் கதவு இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தீர்ப்பு வந்தபிறகு அது கிட்டத்தட்ட மூடிவிடும். இருவர் சம்மதத்தோடு பிறப்பித்த தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது என்கிறது குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 19(2). ஏமாற்றினார்கள் என்று அதே நீதிமன்றத்தில் போய் நிரூபிக்க வேண்டும். அதற்குச் சாட்சி யார்? அன்று பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்களா?

2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆறு மாதம் கட்டாயமில்லை என்றது. முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருந்து, சமரசம் தோற்று, ஜீவனாம்சம், பிள்ளை முதலியவற்றை உண்மையாகவே பேசி முடித்திருந்தால், காத்திருப்பது வேதனையை நீட்டவே செய்யும் என்றால், நீதிமன்றம் அந்த ஆறு மாதத்தை விலக்கிவிடலாம். பத்து வருடமாகத் தனித்தனியே வாழும் இருவரை இன்னும் இழுத்தடிப்பது கொடுமைதான், அதில் எனக்கு மாறுபாடு இல்லை. என் கவலை ‘உண்மையாகவே பேசி முடித்திருந்தால்’ என்ற நிபந்தனையைப் பற்றியது. அதற்கு ஆதாரமாக நீதிபதி முன் வைக்கப்படுவது, அதே களைத்த கை அதே வாரத்தில் போட்ட இன்னொரு கையெழுத்து. அவசரப்படுகிறவர் பெரும்பாலும் மறுகல்யாணம் நிச்சயமானவராகவோ வெளிநாடு கிளம்புகிறவராகவோ இருக்கிறார். அவளுக்கு அவசரமில்லை. அவளுக்கு மிச்சமிருந்த ஒரே பலம் அந்த ஆறு மாதம். அதையும் சேர்த்து எழுதிக்கொடுத்துவிடுகிறாள், அதற்கென்று ஒரு ரூபாய்கூடக் கேட்காமல்.

*

கணவர்களும் களைக்கிறார்கள். வரதட்சணை வழக்கில் அம்மாவின் பெயரும் அக்காவின் பெயரும் சேர்ந்திருக்கும். எழுபது வயது அம்மா முன்ஜாமீன் நிபந்தனைப்படி நாலு தடவை காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பேச்சை நிறுத்திவிடுவார். மகன் ஊரில் இருந்த நிலத்தை விற்றுக் கேட்டதைக் கொடுப்பார். அந்த வழக்கு உண்மையா, அந்தத் தொகை நியாயமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த மனிதரும் கணக்குப் போட்டுப் பார்த்துக் கொடுக்கவில்லை என்பதை மட்டும் பார்த்தேன். அவர் அறையை விட்டு வந்தபோதும் தரையைத்தான் பார்த்தார்.

*

‘எனக்கும் என் குழந்தைக்கும் இனி எக்காலத்திலும் எவ்வித உரிமையும் கோரமாட்டேன்.’

இந்த வரி ஏதோ ஒரு பழைய மாதிரியிலிருந்து எல்லா ஒப்பந்தத்துக்கும் வந்துகொண்டே இருக்கிறது. குழந்தையின் பராமரிப்பு குழந்தையின் உரிமை. அதை அம்மா எழுதிக்கொடுக்க முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியாகிவிட்டது. ஆனால் கையெழுத்துப் போட்டவள் அந்த வரியை நம்பிவிடுகிறாள். மகள் பத்தாம் வகுப்புக்கு வரும்போதும் ‘நாமதான் எழுதிக்கொடுத்துட்டோமே’ என்று வாயைத் திறப்பதில்லை. சட்டப்படி செல்லாத வரிதான் அவளை அத்தனை வருடம் கட்டிப்போடுகிறது.

*

தைக்கப் போகிறவள் என்று சொன்னேனே, அவளைப் பற்றி. மத்தியானத்துக்குமேல் எல்லாரும் ஒரு தொகைக்கு வந்து, பேனாவை நீட்டியபோது, “அடுத்த வாரம் சொல்றேன் சார்” என்றாள். அறையில் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. “இந்த ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான்” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அடுத்த வாரமும் அந்தத் தொகை அப்படியே இருந்தது. ‘இன்னைக்கு மட்டும்’ என்று சொல்லப்பட்டவை அநேகமாக அடுத்த வாரமும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எல்லா முறையும் என்று உறுதி கொடுக்க மாட்டேன்.

அவள் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தாள். அம்மா பீரோவில் வைத்திருந்த நகைக்கடை ரசீது, கல்யாண ஆல்பத்தில் ஆரமும் வளையலும் தெரியும் இரண்டு போட்டோ, வாடகை, பள்ளிக் கட்டணம், வீட்டுத் தவணை போன வங்கிப் பாஸ்புத்தகம். சட்ட உதவி மையத்து வக்கீலையும் கூட்டி வந்தாள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. அப்பா வரவில்லை.

நகை தனி வரியானது. பதினாறு பவுன் அப்படியே வந்தது, நாலு பவுனுக்குக் காசு. மகளுக்கு மாதாமாதம் வங்கிக் கணக்கில் ஒரு தொகை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை உயர்வோடு. அவளுக்கான மொத்தத் தொகை கொஞ்சமே ஏறியது. வீட்டுத் தவணையைப் பற்றிப் பேச அவர்கள் தயாராக இல்லை. பாஸ்புத்தகம் இருப்பதால் தனியாக ஒரு சிவில் வழக்குப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் இந்த ஒப்பந்தத்தில் ‘வேறு உரிமை இல்லை’ என்று எழுதினால் அது போய்விடும் என்று வக்கீல் விளக்கினார். எத்தனை வருடம் ஆகும் என்று அவள் கேட்டாள். அவர் மறைக்காமல் சொன்னார்.

நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு, “அது வேண்டாம் சார். நான் அதையும் யோசிச்சுட்டுதான் வந்தேன்” என்றாள். ஆறு வருடத் தவணை எவ்வளவு என்று கூட்டி எழுதியிருந்தாள். அதன் குறுக்கே அவளே ஒரு கோடு போட்டாள்.